ஹலோ சொல்லாத சர்வர்

நான் வேலை பார்த்த மருத்துவமனையில் எல்லாக் கணினிகளுக்கும் புது மென்பொருள் போடப்போகிறார்கள் என்று போன மாதம் கேள்விப்பட்டேன். ஓய்வு பெற்றுப் போனவனைக் கூப்பிட்டு யோசனை கேட்கும் வழக்கம் எந்த அலுவலகத்திலும் கிடையாது. ஆனாலும் கணினிப் பிரிவில் இப்போது இருக்கிற பிரியா என் வீடு தேடி வந்தாள்.

“சார், நீங்க வேலைல இருந்தப்ப ஒரு அப்கிரேடு பண்ணி பெரிய ரோதனை ஆயிடுச்சாமே. அது இன்னா சார்? கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க” என்றாள்.

காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. எழுதித் தருகிறேன் என்றேன். என் மனைவி உள்ளே இருந்து சிரித்தாள். மளிகைச் சாமான் எழுதச் சொன்னாலே நாள் கணக்கில் இழுக்கிற ஆள் நான்.

நான் படித்தது ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் பிரிவு. கொஞ்ச காலம் செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு கடையில் டிவி ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். திருவண்ணாமலை ரோட்டில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை திறந்தபோது, உள்ளுக்குள் பேசிக்கொள்ளும் இண்டர்காம் போன்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். “ஆஸ்பத்திரி வேல, மாசச் சம்பளம், கம்முனு போடா” என்றார் என் நைனா. போனேன். போன் வயர் இழுக்கப் போனவனைக் கம்ப்யூட்டர் வயரும் இழுக்கச் சொன்னார்கள். வயர் இழுத்தவனே அதன் முனையில் இருக்கிற பெட்டியையும் பார்க்கட்டும் என்றார்கள். அப்படித்தான் நான் சிஸ்டம் ஆள் ஆனேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் பாதிப்பேர் இப்படித்தான் ஆனார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் சுனந்தா மேடம். கணினிப் பிரிவுக்கு அவர்தான் மேனேஜர். மேல்சித்தாமூர்க்காரர், சமணக் குடும்பம். சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊர்ப்பக்கம் திரும்பி வந்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று தோன்றும். அவ்வளவு நிதானமாகக் கேள்வி கேட்பார். அட்டெண்டர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோரையும் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார். “சர்வர் போச்சு மேடம்” என்று ஓடிப்போய்ச் சொன்னால் தலையைத் தூக்க மாட்டார். “நடந்தது இன்னான்னு சொல்லுங்க சேகர். நீங்க நெனச்சத அப்புறம் கேக்கறேன்” என்பார். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவனிடமிருந்து விசைப்பலகையைப் பிடுங்கவே மாட்டார். பின்னால் நின்று பார்ப்பார். எதையாவது மாற்றப்போகிறேன் என்றால், “சரி, மாத்துங்க. திரும்பி வர வழி இன்னா?” என்று கேட்பார். அதற்குப் பதில் இல்லையென்றால் கை வைக்க விடமாட்டார். எரிச்சலாக இருக்கும். பல தடவை அந்த எரிச்சலில் டீக்கடைக்குப் போயிருக்கிறேன்.

இன்னொன்று. அவர்கள் வீட்டு வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அதன் பிறகு சோறு தொடமாட்டார். எங்கள் ஊரில் சூரியன் அடிவானத்துக்குப் போகும் முன்பே கோட்டை மலைக்குப் பின்னால் போய்விடும். காலண்டரில் என்ன நேரம் போட்டிருந்தாலும் மேடத்துக்கு மலை மறைத்தால் பொழுது போனதுதான். சாயங்காலம் அவர் டப்பாவைத் திறந்தால் அடுத்த ஒரு கால் மணி நேரம் யாரும் அந்த அறைப்பக்கம் போகமாட்டோம்.

அப்போது எங்கள் மருத்துவமனையில் இதய டாக்டர் கிடையாது. நெஞ்சுவலி என்று யார் வந்தாலும் ஈசிஜி எடுத்து, அந்தப் படத்தை ஃபேக்ஸில் பாண்டிச்சேரிக்கு அனுப்புவோம். அங்கே ஒரு இதய டாக்டர் பார்த்துவிட்டு போனில் சொல்வார். அடைப்பைக் கரைக்கிற மருந்தைப் போடுவதா, வேண்டாமா என்பது அவர் வாயில் இருந்தது. போட வேண்டியவருக்கு நேரத்தில் போட்டால் பிழைப்பார்; போடக்கூடாதவருக்குப் போட்டால் அந்த மருந்தே ஆளைக் கொண்டுபோய்விடும். செல்போனில் படம் எடுத்து அனுப்பலாம் என்று எங்கள் பக்கம் யாரும் கனவிலும் நினைக்காத காலம். டாக்டர் வார நாட்களில் கிளினிக்கில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் வீட்டு நம்பருக்கு அனுப்ப வேண்டும்.

நிர்வாகம் சர்வர் மென்பொருளைப் புதுப்பித்தது. புதியது வந்தால் வார்டில் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் டாக்டரே ஃபேக்ஸ் அனுப்பலாம். சர்வரே நம்பரைப் போடும். போகவில்லை என்றால் தானே மறுபடி மறுபடி போடும். போன் ஆபரேட்டரிடம் காகிதத்தைக் கொண்டுபோய் நிற்க வேண்டியதில்லை. நன்றாகத்தான் இருந்தது, சொல்வதற்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்து போட்டுவிட்டு, போண்டா சாப்பிட்டுவிட்டுப் போனார். மேடம் கேட்ட ஒரே கேள்வி வழக்கமான கேள்விதான். திரும்பி வர வழி வேண்டும் என்று பழைய ஃபேக்ஸ் கம்ப்யூட்டரையும் அதைப் போன் லைனோடு இணைக்கும் மோடத்தையும் காயலான் கடைக்குப் போட விடாமல் ஸ்டோர் ரூமில் வைக்கச் சொன்னார்.

திங்கட்கிழமையே ஃபேக்ஸ் படுத்துவிட்டது. எதுவும் போகவில்லை. சென்னைக்குப் போன் போட்டால், “வேகத்தைக் குறைங்க சார்” என்றார்கள். குறைத்தேன். “பிழை திருத்தம் ஆப்ஷனை ஆஃப் பண்ணுங்க சார்.” பண்ணினேன். “லாக் ஃபைலை அனுப்புங்க சார்.” அதையும் அனுப்பினேன். அடுத்து மோடத்தை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். நான் எழுந்தேன். மேடம், “உக்காருங்க. ஒரே நேரத்துல எத்தன ஆணிய புடுங்குவீங்க?” என்றார். செய்த மாற்றங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பழையபடி வைக்கச் சொன்னார். பிறகு அன்றைக்குப் போகாத நம்பர்களை அவர் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெளி லைன் பிடிக்க எங்கள் மருத்துவமனையில் முதலில் பூஜ்யம் அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் நம்பர் போட வேண்டும். பழைய மென்பொருளில் அந்த மூச்சை நான்தான் ஒரு காற்புள்ளியாக எழுதி வைத்திருந்தேன். மேடத்தோடு சேர்ந்து நம்பர்களைப் பார்த்தபோது, புதியதில் அந்தக் காற்புள்ளியைக் காணோம். லைன் கிடைப்பதற்கு முன்பே சர்வர் அவசரப்பட்டு நம்பரைப் போட்டு, முதல் எண்ணைக் காற்றில் விட்டுவிட்டது. காற்புள்ளியைத் திருப்பி வைத்தேன். ஃபேக்ஸ் போக ஆரம்பித்தது. பெரிய டாக்டர் தோளில் தட்டினார். நான் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் அன்றைக்கு வீட்டுக்குப் போனேன்.

மேடம் மட்டும் சந்தோஷப்படவில்லை. “எல்லாம் போவலியே சேகர்” என்றார்.

உண்மைதான். சென்னை லேபுக்குப் போனது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனது. பாண்டிச்சேரி டாக்டரின் கிளினிக்குக்குப் போனது. ஆனால் திண்டிவனத்து ஸ்கேன் சென்டருக்குப் போகவில்லை. மேல்மலையனூர்ப் பக்கத்து நர்சிங் ஹோமுக்குப் போகவில்லை. சர்வரைக் கேட்டால் எதிர்முனையில் ஃபேக்ஸ் மிஷின் பதில் தரவில்லை என்று மட்டும் சொன்னது. சின்ன ஊர் லைன், அப்படித்தான் இருக்கும் என்று சென்னைக்காரர் கை கழுவிவிட்டார். வாரம் முழுக்க இதைப் போட்டுப் பிசைந்தோம்.

அடுத்த ஞாயிறு அமாவாசை. மேல்மலையனூருக்குக் கூட்டம் போகிற நாள். காலையிலிருந்தே ரோட்டில் ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஞாயிறு என்றால் சர்வரில் வேலை குறைவு என்பதால் மேடமும் நானும் வந்திருந்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேடம் கேட்டார்:

“ஒரு வாரமா சர்வர் சொல்றத படிச்சினே இருக்கறோம். அந்த லைன்ல இன்னா நடக்குதுன்னு யாராவது காதால கேட்டோமா?”

கேட்கவில்லை. லைன்மேன்கள் வைத்திருப்பது போன்ற ஒரு டெஸ்ட் போன் என்னிடம் இருந்தது. அதை ஃபேக்ஸ் லைனில் மாட்டி, ஸ்கேன் சென்டருக்கு ஒரு வெற்றுக் காகிதத்தை அனுப்பச் சொல்லிவிட்டு, ரிசீவரை மேடத்துக்கும் எனக்கும் நடுவில் பிடித்துக்கொண்டேன். மணி போனது. எடுத்தார்கள்.

“ஹலோ” என்றது ஒரு ஆம்பிளைக் குரல். “ஹலோ... யாருங்க? பேசுங்க... ஹலோ? தோ பாரு, தெனம் இதே வேலயா போச்சு இவனுங்களுக்கு.” டொக் என்று வைத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரிய இடங்களில் ஃபேக்ஸுக்குத் தனி லைன், மிஷினே எடுத்துக்கொள்ளும்; சின்ன ஊர்களிலும் வீடுகளிலும் பேசுவதற்கும் ஃபேக்ஸுக்கும் ஒரே லைன்தான். மணி அடித்தால் ஆள்தான் எடுப்பார். “ஃபேக்ஸ் டோன் குடுங்க” என்று நாம் சொல்ல வேண்டும். அவர் மிஷினில் பட்டனை அழுத்துவார், கீ என்று சத்தம் வரும், அதன் பிறகுதான் இங்கே காகிதம் நகரும். எங்கள் ஆபரேட்டர் வருஷக்கணக்காக இதைச் சொல்லித்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அது ஃபேக்ஸ் அனுப்பும் வேலையில் ஒரு பகுதி என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. புது மென்பொருளைப் பற்றிப் பேச எத்தனையோ கூட்டம் போட்டோம். அதற்கு வாய் இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு வாரமாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பேர் எங்கள் சர்வரிடம் ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மேடம் போகாத நம்பர்களின் பட்டியலைப் பார்த்தார். “பாவம், அவங்க எல்லாம் நம்மள இன்னான்னு நெனச்சிருப்பாங்க” என்றார்.

நாங்கள் இன்னும் எழுந்திருக்கக்கூட இல்லை, வெளியே பஸ் ஹாரன் விடாமல் அடித்தது. ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் ஒரு அமாவாசை ஸ்பெஷல் பஸ் வந்து நின்றது. நெற்றியில் குங்குமமும் கையில் எலுமிச்சம்பழமுமாக ஜனங்கள் இறங்கினார்கள். டிரைவரும் இன்னும் சிலரும் ஒருத்தரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அவர் காக்கிச் சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. கண்டக்டர்.

டிரைவர் பெயர் முருகேசன். எமர்ஜென்சி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “டிக்கெட்டு குடுத்துனே வந்தாரு சார். நல்லாதான் இருந்தாரு. ஒரு அம்மா கிட்ட சிரிச்சு பேசினே இருந்தவரு அப்டியே கம்பிய புடிச்சினு குந்திட்டாரு. பஸ்ஸ நேரா இங்க உட்டுட்டேன்.” கண்டக்டரின் தோல் பையை அவர் தன் தோளில் மாட்டியிருந்தார். அதைக் கழற்றவே இல்லை.

அன்றைக்கு டியூட்டியில் இருந்தவர் இளங்கோ என்ற சின்ன வயது டாக்டர், சேர்ந்து சில மாதம்தான். அவர் எங்களைத் தேடி ஓடிவந்தார். “மேடம், ஈசிஜி பாண்டிச்சேரிக்குப் போவல. போன்லயும் கூப்ட்டேன், எங்கேஜ்டுன்னே வருது. செல்லு ஆஃப்ல இருக்குது. எனக்குப் பாத்தா அட்டாக்கு மாதிரிதான் இருக்குது. ஆனா வலி முதுகுப் பக்கமும் போவுதுன்றாரு. பெரிய ரத்தக்கொழா கிழிஞ்சிருந்தாலும் இப்படி வரும். அப்டின்னா இந்த மருந்து போட்டா நானே கொன்ன மாதிரி ஆயிடும். அவரு பாத்துச் சொல்லாம நான் எப்டி மேடம் போடறது?” வண்டியில் பாண்டிச்சேரிக்கு அனுப்பலாம் என்றால், அமாவாசைக் கூட்டத்தில் ரோடு அடைத்துக் கிடந்தது.

“எப்ப அனுப்பிச்சீங்க?” என்று கேட்டார் மேடம்.

“இது இப்பதான். ஆனா காலைல இன்னொரு பேஷண்டுது ஒண்ணு, அவசரமில்லாதது, அனுப்பிச்சேன். அதுவும் போவலபோல இருக்குது.”

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, மேடத்துக்கும். சர்வரைத் திறந்து பார்த்தோம். காலையில் அனுப்பிய அந்த ஈசிஜியை அது இன்னும் விடவில்லை. டாக்டர் வீட்டு நம்பரைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. மணி அடிக்கும், அவர் வீட்டில் எடுப்பார்கள், ஹலோ என்பார்கள், பதில் வராது, வைப்பார்கள். மறுபடி அடிக்கும். மத்தியானத்துக்கு மேல் வெறும் எங்கேஜ்டு. தொல்லை தாங்காமல் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார்கள்.

“மொதல்ல இத நிறுத்துங்க” என்றார் மேடம். நிறுத்தினேன். “ஸ்டோர் ரூம்ல இருக்கறத எடுத்துனு வாங்க.” பழைய கம்ப்யூட்டரையும் மோடத்தையும் தூக்கிக்கொண்டு வந்து தரையிலேயே வைத்து மாட்டினேன். அது கிளம்புவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. ஆனால் அது தயாராகி, ஈசிஜி படத்தை அதில் ஏற்றி என்ன பிரயோஜனம்? ரிசீவர் கீழே கிடக்கிற வீட்டை இங்கிருந்து எப்படிக் கூப்பிடுவது?

மேடம் எங்கள் மருந்தகத்துக்குப் போன் போட்டார். பாண்டிச்சேரியில் அந்த டாக்டர் வீட்டுத் தெருவில் ஒரு மருந்துக்கடை உண்டு. எங்கள் மருந்தகத்துக்காரர் அவர்களிடம் மருந்து வாங்குவார். நம்பர் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைக்குப் பின்னால் குடியிருக்கும் முதலாளி எடுத்தார். மேடம் அவசரப்படாமல், ஒரு வார்த்தைகூட விடாமல் சொன்னார்: செஞ்சியில் ஒருத்தர் உயிருக்குப் போராடுகிறார், டாக்டர் வீட்டுக்குப் போய் ரிசீவரை அதன் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், அடுத்து அடிக்கிற போன் எங்களுடையது. “தோ போறேம்மா” என்று அவர் போனைக்கூட வைக்காமல் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

நான் டெஸ்ட் போனில் டாக்டர் வீட்டு நம்பரைப் போட்டேன். எங்கேஜ்டு. வைத்தேன், போட்டேன். எங்கேஜ்டு. ஜன்னலுக்கு வெளியே பஸ் ஜனங்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ரோட்டில் வேறு ஸ்பெஷல் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஏறிப் போயிருக்கலாம். ஒருத்தரும் போகவில்லை. ஒரு அம்மா எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்காளம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். டிரைவர் முருகேசன் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். “இன்னா சார் பண்றீங்க? ஊசி போட்டாங்களா?” என்றார். “தோ, ஆயிடும் அண்ணே” என்று சொல்லிக்கொண்டே நம்பரைப் போட்டேன்.

கடைசியில் மணி போனது. எடுத்தார்கள்.

“யாரு? பேசறியா இல்லியா?” என்றது ஒரு பொம்பளைக் குரல். சலித்துப்போன, கோபமான குரல். எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஒரு வாரமாகக் கேட்க வேண்டியதையெல்லாம் சேர்த்து ஒரே நொடியில் கேட்டது போல் இருந்தது. மேடம் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார். அவர் என் கையிலிருந்து எதையும் வாங்கியது அந்த ஒரு தடவைதான்.

“வணக்கம்மா. செஞ்சி ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறோம். காலைலேர்ந்து கூப்ட்டதும் நாங்கதான், மன்னிச்சுக்குங்க. ஒரு பஸ் கண்டக்டருக்கு நெஞ்சுவலி. டாக்டர கூப்புடுங்க. இப்ப ஃபேக்ஸ் டோன் குடுங்கம்மா.”

“ஐயையோ... இரும்மா, இரு” என்றது அந்தக் குரல். பிறகு கீ என்ற அந்தச் சத்தம். நான் பொத்தானைத் தட்டினேன். காகிதம் போனது. கொஞ்ச நேரத்தில் பாண்டிச்சேரி டாக்டரே கூப்பிட்டு இளங்கோவிடம் பேசினார். அட்டாக்தான், மருந்தைப் போடு என்றார். போட்டார்கள்.

முருகேசனிடம் நான்தான் போய்ச் சொன்னேன். மரத்தடியில் இருந்த எல்லோரும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள், என்னையும் சேர்த்து. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டிப்போவிலிருந்து வேறு கண்டக்டர் வந்தார். பஸ் கிளம்பிப் போனது. தோல் பையை முருகேசன் புதிய கண்டக்டர் கழுத்தில் மாட்டாமல் டிரைவர் சீட் பக்கத்திலேயே வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அறைக்குத் திரும்பியபோது சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது. மேடத்தின் டப்பா திறக்காமல் மேசைமேல் இருந்தது. “டீயாச்சும் குடிங்க மேடம்” என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்: “சேகர், நம்ம மிஷினு பண்ணுன வேலைக்கு அந்த அம்மா எவ்ளோ பதறுனாங்க பாத்தீங்களா?”

கண்டக்டர் வேலாயுதம் விடிவதற்குள் இறந்துவிட்டார். ஆலம்பூண்டிப் பக்கத்து ஆள். மனைவியும் பள்ளிக்கூடம் படிக்கிற ஒரு பெண்ணும் இருந்தார்கள். மருந்து முன்கூட்டியே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று இளங்கோ பாண்டிச்சேரி டாக்டரைக் கேட்டிருக்கிறார். “பொழச்சிருக்கலாம். நேரத்துல போட்டும் உயிர் போயிருக்கலாம். எனக்கே தெரியாது” என்று அவர் சொன்னாராம். அந்தப் பதிலோடு இளங்கோ பல நாள் சாப்பாடு இறங்காமல் திரிந்தார்.

அந்த வாரமே நிர்வாக அதிகாரி கூட்டம் போட்டார். கண்டக்டரின் சங்கத்துக்காரர்கள் தாமதத்துக்குக் காரணம் கேட்டிருந்தார்கள். சென்னைக் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்தார். நல்ல பையன், பொய் சொல்லவில்லை. “எங்க சாஃப்ட்வேர் சொன்னபடிதான் வேலை செஞ்சிருக்கு சார். எதிர்முனையில ரிசீவரை எடுத்து வெச்சிட்டாங்க. அதான் காரணம்” என்றார். நிர்வாக அதிகாரியின் முகம் தெளிந்தது. “அப்ப அதையே சங்கத்துக்குச் சொல்லிடலாம். ஆஸ்பத்திரி மேல தப்பு இல்ல. அந்த டாக்டர் வீட்ல...”

“சார்” என்றார் மேடம். எல்லோரும் திரும்பினார்கள். “ஒரு வீட்ல காலைலேர்ந்து போன் அடிச்சினே இருக்குது. ஒவ்வொரு வாட்டியும் எடுக்கறாங்க. யாரும் பேசல. ராத்திரி டியூட்டி பாத்துட்டு வந்த மனுஷன் தூங்கறாரு. நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க?”

அவர் முன்னால் இருந்த காகிதத்தைப் புரட்டினார்.

“இந்த ஆஸ்பத்திரி ஒரு வீட்டுக்கு போன் பண்ணி, எடுத்தவங்க கிட்ட ஒரு வார்த்த பேசல. நடந்தது அதான். அந்த மிஷின வெக்க ஒத்துக்கினது நானு. எம்பேரச் சொல்லுங்க. அந்த வீட்டு அம்மா இன்னா பண்ணாங்கன்றது இந்த ரூம உட்டு வெளிய போவக் கூடாது.”

இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார். நிர்வாக அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பழியை ஏற்றுக்கொள்ள ஒரு ஆள் கிடைத்ததும் அவர் அதற்கு மேல் வாதாடவும் இல்லை. சங்கத்துக்கு அப்படியே சொன்னார்கள். அதன் விளைவையும் சொல்லிவிடுகிறேன். கணினிப் பிரிவை வெளியிலிருந்து வந்த ஒருத்தரிடம் கொடுத்துவிட்டு, மேடத்தை அவருக்குக் கீழே வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அப்படியே இருந்தார். இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடக் குறைப்பட்டுக்கொண்டதில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. இன்றைக்கும் ஆறவில்லை.

ஃபேக்ஸைச் சரிசெய்ய அதிக நேரம் ஆகவில்லை. தனி ஃபேக்ஸ் லைன் இருக்கும் நம்பர்களுக்கு மட்டும் சர்வர் தானாகப் போடட்டும். மற்றதெல்லாம் பழைய கம்ப்யூட்டர் வழியாக, முதலில் நாங்கள் பேசி, டோன் கேட்டு அனுப்புவோம் என்று வைத்தோம். ஈசிஜி என்றால் எந்த நம்பராக இருந்தாலும் ஆள்தான் பேச வேண்டும். சென்னைக்காரர்கள் இதைப் பின்னோக்கிப் போவது என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் ஒன்றில் மறுபடி ஒரு நெஞ்சுவலி. ஒரு விவசாயி. நான் டாக்டர் வீட்டு நம்பரைப் போட்டேன். மேடம் வழக்கம்போலப் பின்னால் நின்றார். அதே அம்மாவின் குரல்.

“செஞ்சி ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறோம்மா. ஃபேக்ஸ் டோன் குடுங்க.”

அந்த அம்மா உடனே கொடுக்கவில்லை. “ஏம்பா, அன்னிக்கு ஒரு கண்டக்டருக்கு அனுப்பிச்சீங்களே, அவரு எப்டி இருக்கறாரு?”

நான் திரும்பி மேடத்தைப் பார்த்தேன். என்ன கேட்டார்கள் என்று அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். டாக்டர் தன் வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது. நல்லா இருக்கிறார் என்று சொல்லிவிடலாம் என்றுதான் எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. மேடம் கையை நீட்டவில்லை. என்னைப் பார்த்து, நடந்ததைச் சொல்லுங்கள் என்பதுபோல் மெல்லத் தலையை மட்டும் அசைத்தார்.

“தவறிட்டாரும்மா” என்றேன். “நீங்க டோன் குடுத்த ஒடனே மருந்து போட்டாங்க. லேட்டு ஆனது எங்களாலதான்.”

அந்த அம்மா கேட்டார்:

“போன எடுத்து கீழ வெச்சது நான்தாம்பா. அது உங்களுக்குத் தெரியுமில்ல?”

அந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்று மேடம் காப்பாற்றி வைத்ததை, யாரும் சொல்லாமலே அந்த அம்மா மனதில் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

“தெரியும்மா” என்றேன்.

“அவரு பேரு இன்னா?”

“வேலாயுதம்மா.”

“வேலாயுதம்” என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “இப்ப இருக்கறவரு பேரு?”

“ஏழுமலை.”

“சரி, அனுப்பு” என்றார். டோன் வந்தது.

அதற்குப் பிறகு பல வருஷம், அந்த வீட்டுக்கு எந்த ஈசிஜி அனுப்பினாலும் அந்த அம்மா முதலில் பேரைக் கேட்பார். சொன்ன பிறகுதான் பட்டனை அழுத்துவார். மறுவாரம் கூப்பிடும்போது, போன வாரத்து ஆள் எப்படி இருக்கிறார் என்று அவர் பேரைச் சொல்லியே கேட்பார். நாங்கள் நடந்ததைச் சொல்வோம்.